இரண்டாம் சங்கு

என் தம்பி பெயர் நிலவன். அவன் பெண்டாட்டி பெயர் வெண்மதி. ஒரே வீட்டில் இரண்டு நிலா இருந்தும் கரண்ட் போனால் மெழுகுவர்த்திதானா என்று கல்யாணமான புதிதில் கேலி செய்வேன். மதிக்கு நான் வைத்த இன்னொரு பெயர் முந்திரிக்கொட்டை. மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அவள் சொல்லிவிடுவாள். மனசில் கள்ளம் கிடையாது, வாய்தான் முந்திக்கொள்ளும்.

எங்கள் தெரு நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டியது. உள்ளே பாறைக்கு வெடி வைக்கும் முன்னால் சைரன் ஊதும். நாங்கள் அதைச் சங்கு என்போம். அது கேட்டதும் வேலையாட்கள் இரும்புக் கொட்டகைக்குள் போய்விட வேண்டும். வெடித்து முடிந்ததும் இரண்டாம் சங்கு ஊதும். ஆபத்து போய்விட்டது, வெளியே வரலாம் என்று அர்த்தம். "மொத சங்குக்கு உள்ள, ரெண்டாம் சங்குக்கு வெளிய" என்பது எங்கள் தெருப் பிள்ளைகள் பேச ஆரம்பிக்கும்போதே கற்றுக்கொள்வது. நிலவன் அங்கே கான்ட்ராக்ட்டில் பல வருஷம் வேலை பார்த்தான். அவன் கால்களுக்கே அந்தச் சங்கு தெரியும்.

பர்மனென்ட் ஆகவில்லை. இஸ்ரேலுக்குக் கட்டிட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் கம்பி கட்டத் தெரியும் என்று போய்விட்டான். சண்டை நடக்கிற ஊருக்கு எவனாவது போவானா என்று நான் கத்தினேன். "சும்மா இரு அக்கா, அங்க பதுங்க எடமெல்லாம் கட்டி வச்சிருக்கான்" என்றான். அவன் போனபின் டீக்கடையில் இரண்டு கட்சியாகிவிட்டது. இந்த நாட்டுக்கு ஒருவன், அந்த நாட்டுக்கு ஒருவன் என்று கிளாஸை உடைக்காத குறை. அங்கே விழுகிற குண்டு இவர்கள் தலையில் விழவா போகிறது? நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

மதியிடம் அவன் எல்லாவற்றையும் லேசாகச் சொன்னான். "நம்ம மைன்ஸ் சங்கு மாதிரிதான் மதி. ஊதும், உள்ள போவோம், வருவோம். நீ பயப்படாத." உண்மையை என்னிடம் மட்டும்தான் சொன்னான்.

"அக்கா, இங்க ரெண்டாம் சங்குன்னு ஒண்ணு கெடையாது. ஊதுறதெல்லாம் மொத சங்குதான். ஒவ்வொண்ணும் ஒரு ராக்கெட்டு. சத்தம் அடங்கி, செல்லுல செய்தி வந்தாதான் வெளிய வரணும்."

"அந்தப் பக்கம், காசாவுல?"

"அங்க சங்கே கெடையாதுக்கா. நாங்க கட்டுற கட்டடத்து மூணாவது மாடியில நின்னா பொகை தெரியும். பிளேன் போவும், கொஞ்ச நேரத்துல தரை அதிரும். புள்ளைங்கள வெள்ளத் துணியில சுத்தித் தூக்கினு ஓடுறத செல்லுல பாக்குறோம். நான் கட்டுற கம்பிய முன்னாடி அந்தப் பக்கத்து ஆளுங்கதான் கட்டினு இருந்தாங்களாம். எவனோ ஒருத்தன் உட்டுட்டுப் போன கையுறையத்தான் நான் போட்டுக்கினு இருக்கேன். அவன் உயிரோட இருக்கானான்னு தெரியல."

இதை நான் மதியிடம் சொல்லவில்லை. எதற்கு அவளையும் தூங்கவிடாமல் பண்ணுவது என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தேன். மதி பக்கத்தில் செல்லை வைத்துக்கொண்டு நிலவனோடு பேசிக்கொண்டிருந்தாள். அங்கே சாப்பாட்டு நேரம். அவனுக்குப் பக்கத்தில் அய்யாசாமி உட்கார்ந்திருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், பெரிய மீசை, புதிதாக வந்தவர். என் தம்பி அவரை அண்ணாச்சி என்பான். "தங்கச்சி, உங்க வீட்டுக்காரரு வைக்கிற சாம்பாரு வாயில வைக்க முடியல" என்று அவர் சொல்ல, மதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்போது செல்லுக்குள் சங்கு ஊதியது.

படம் ஆடியது. தட்டு கீழே விழும் சத்தம், ஓடுகிற கால்கள். பிறகு இருட்டு. காங்கிரீட் அறைக்குள் போய்விட்டார்கள். "ஒண்ணும் இல்ல மதி" என்று அவன் குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. டமார் என்று ஒன்று. என் கையில் இருந்த கொட்டை நழுவியது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. மதி திரையை உற்றுப் பார்த்தபடி இருந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. வெடித்துவிட்டது, அவ்வளவுதான் என்ற முகம்.

மறுபடி சங்கு ஊதியது.

"ரெண்டாம் சங்கு ஊதிட்டாங்க!" என்றாள் மதி சத்தமாக. "வெளிய வாங்க. இருட்டுல மொகமே தெரியல."

"மதி, வேணாம்னு சொல்லுடி" என்று கத்த நினைத்தேன். அதற்குள் திரையில் வெளிச்சம் வந்தது. நிலவன் முகம், அவன் பின்னால் அய்யாசாமியின் மீசை, அதற்கும் பின்னால் வெறும் வானம். பெரிய சத்தம் ஒன்று. வானம் அப்படியே திரையில் நின்றுவிட்டது.

மதி அந்த வானத்தைத் தடவிப் பார்த்தாள். "சிக்னல் போயிடுச்சு அண்ணி" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் அண்ணி அழுவுறீங்க?"

சொல்லாமல் எப்படி இருப்பது? அங்கே இரண்டாம் சங்கு இல்லை என்று சொன்னேன். அவள் அழவில்லை. வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பொழுது சாயும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை. அவள் மகன் இனியன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சோறு கேட்டான். நான்தான் போட்டேன். ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஆள் பிடிக்கும்போது ராத்திரி பகலாக வீட்டு வாசலில் நின்றவன். நாசமாய்ப் போக. நான் கும்பிடாத சாமி இல்லை. வடலூர் இருக்கிற திசை பார்த்து, அருட்பெருஞ்சோதி, என் தம்பியை விட்டுவிடு என்று வாய்விட்டுக் கேட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் என் செல் அடித்தது. நிலவன்தான். செல்லைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன்.

"கையிலதான்க்கா அடி. உயிருக்கு ஒண்ணும் இல்ல." என்றவன் அழ ஆரம்பித்தான். "அண்ணாச்சி போயிட்டாருக்கா."

"டேய்..."

"எனக்குத் தெரியும்க்கா, வெளிய வரக்கூடாதுன்னு. மதி சொன்னதும் காலு தானா எந்திரிச்சிடுச்சு. அவரு உள்ளதான் குந்தினு இருந்தாரு. 'சங்கு வெவரம் ஒனக்குத்தான்டே தெரியும்'னு சொல்லிக்கிட்டே எம் பின்னால வந்தாரு. மதிகிட்ட சொல்லாதக்கா. அவ தாங்க மாட்டா."

உள்ளே வந்தேன். "கையில சின்னக் காயம்தான். நல்லாருக்கான்" என்றேன். மதி சுவரில் சாய்ந்து, வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அண்ணாச்சி?"

"அவருக்கு என்ன. நல்லாருக்காரு."

அவள் சரி என்று தலையாட்டினாள். மறுபடி எதுவும் கேட்கவில்லை. எப்போதும் முந்திக்கொள்ளும் வாய் அப்படி அடங்கிப் போனது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் சுரங்கத்தில் முதல் சங்கு ஊதியது. மதி ஓடிப்போய் இனியனை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். வெடி வெடித்தது. அலமாரியில் பாத்திரங்கள் கிலுகிலுத்தன. பிறகு இரண்டாம் சங்கு ஊதியது. தெருவில் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டுச் சின்னம்மாள் துணி காயப்போட வந்தாள். டீக்கடையில் பேச்சு மறுபடி தொடங்கியது.

"அம்மா, ரெண்டாம் சங்கும்மா. வுடும்மா" என்று இனியன் திமிறினான். அவள் விடவில்லை.

நான் குனிந்து பார்த்தேன். "வெளிய வாடி. இது நம்ம ஊரு சங்கு."

அவள் என்னைப் பார்த்தாள். கண் கலங்கவே இல்லை.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "அண்ணாச்சிக்கு எத்தினி புள்ளைங்க?"

கட்டிலுக்கு அடியில் நானும் நுழைந்து அவளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.