மாவுக்காரர் வரும் ஜன்னலுக்கு வலை

மாவு மில்காரர் இறந்த மூன்றாவது மாதத்திலிருந்து, தினமும் மாலை ஐந்தரை மணிக்கு, முன்னறை ஜன்னல் வழியாக மாவாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தார். வெள்ளைப் புகைபோல நுழைந்து, தன் பழைய நாற்காலியில் மெல்லப் படிந்து, தோள், தொப்பை, மூக்கு என்று முழு ஆளாகிவிடுவார். டீ ஆறிப்போச்சு என்பார். மகளின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது என்பார். ஒரு மணி நேரம் கழித்து வாசல் வழியாகப் போய்விடுவார். "உயிரோட இருந்தப்போ ஒரு நாளாவது ஆறு மணிக்குள்ள வீடு வந்து சேர்ந்திருக்காரா இந்த மனுஷன்?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். தையல்காரியான மனைவிக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அதே ஜன்னலில் அதே நேரத்தில் கொசுவும் வந்தது என்பதுதான் சிக்கல். ஒன்பது வயது மகளுக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை கொசுக் காய்ச்சல். இரண்டாம் முறை ஈறில் ரத்தம் கசிந்தது. "மூணாவது தடவை வந்தா என் கையில எதுவும் இல்லம்மா. முதல்ல வலை போடுங்க" என்றார் டாக்டர். ஜன்னலை மூடிப் பார்த்தாள். கணவர் கண்ணாடியில் அப்பிக்கொண்டு நின்றார். மனம் கேட்கவில்லை.

வலைக்காரர் வந்தார். ஜன்னல் கதவு வெளியே திறப்பதால் வலைச்சட்டம் உள்பக்கம் திறக்க வேண்டும், இரண்டு கீல் போதும் என்று அளந்து குறித்துக்கொண்டார். கையகலத் துண்டுகளாக நான்கு வகை வலைகளை மேஜையில் பரப்பினார்.

"கொசு வரக் கூடாது. இவர் மட்டும் வரணும்" என்றாள் தையல்காரி.

"எவ்ளோ நைஸா அரைச்ச மாவு அக்கா?" என்று மட்டும் கேட்டார் வலைக்காரர். போன வாரம்தான் ஒருவர், பக்கத்து வீட்டு வாசனை வராமல் பேச்சு மட்டும் வர வேண்டும் என்று வலை கேட்டிருந்தார்.

ஒவ்வொன்றையும் நாலு நாள் மாட்டிப் பார்த்தார்கள். நைலான் வலையில் மாவுக்காரர் ஒட்டிக்கொண்டார். வலது முழங்கையைப் பிரஷ் வைத்துத் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெயிலில் அந்த வலை தொய்ந்தும் போயிற்று. ஃபைபர் வலை நன்றாகத்தான் இருந்தது, பூனை நகத்தை வைக்கும்வரை. அலுமினிய வலையில் கரி ஏறி, மனிதர் சாம்பல் நிறத்தில் வந்து உட்கார்ந்தார். கடைசியாக ஸ்டீல். அதில் துளை அளவில் இரண்டு ரகம் இருந்தன. "கொசுவுக்குப் பெரிய கண்ணே போதும்க்கா. சின்னக் கண்ணு குட்டி ஈக்குத்தான்" என்றார் வலைக்காரர். சல்லடை என்றால் நைசாக இருப்பதே நல்லது என்று இருபது வருடம் மாவுக்காரருடன் வாழ்ந்து பழகியவள், சின்னக் கண்ணையே மாட்டச் சொன்னாள்.

அன்று வந்தவர் பட்டுப்போல இருந்தார். ஆறிய டீயைப் பார்த்துச் சிரித்தார். மகளின் தலையைத் தடவினார். ஜன்னலுக்கு வெளியே, விளிம்பில், வலையில் நுழையாத கொரகொரப்பான மாவு, ஒரு பிடி கப்பி, தங்கியிருந்தது. சல்லடையில் தங்கினால் செய்வதுபோலவே அதைக் கூட்டி அள்ளிக் கொட்டினாள். மறுநாளும் கொட்டினாள். பத்தாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்தவரின் உடம்பு வழியாகவே நாற்காலியின் முதுகு தெரிந்தது.

"அம்மா, இவர் எதுக்குச் சும்மா சும்மா சிரிக்கறாரு?" என்றாள் மகள். "தப்பாக் கணக்குப் போட்டேன். அதுக்கும் சிரிக்கறாரு. இது அப்பா இல்ல."

தையல்காரி வலைக்காரரைக் கூப்பிட்டனுப்பினாள். அவர் வந்து, விளிம்பில் கிடந்த கப்பியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இதுவும் அவருதான்க்கா. கீல் இருக்கே, அஞ்சரைக்கு அஞ்சு நிமிஷம் திறந்து விடுங்க, முழுசா வந்துடுவாரு."

"அந்த அஞ்சு நிமிஷத்துல கொசு வராதா?"

"வரும்."

அவள் மகளின் கழுத்தைப் பார்த்தாள். இரண்டாம் காய்ச்சலில் எழுந்த சிவப்புப் புள்ளிகளின் தடம் இன்னும் மறையவில்லை. "அப்போ வலைச்சட்டத்துக்கு ஒரு பூட்டு போட்டுடுங்க" என்றாள். பிறகு கப்பியைக் கூட்டிக் கொட்டுவதை நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே இன்னொரு நாற்காலி போட்டாள்.

மூன்றாம் காய்ச்சல் வரவில்லை. இப்போதும் ஐந்தரைக்கு உள்ளே ஒருவர் உட்கார்கிறார், வெளியே ஒருவர் உட்கார்கிறார். போகும்போது வாசலில் ஒன்றாகிப் போகிறார்கள். தப்பாகக் கணக்குப் போட்டால் வெளியிலிருந்து திட்டு விழுகிறது. உள்ளே இருப்பவர் தலையைத் தடவுகிறார். மழை இல்லாத நாட்களில் வெளியே இருப்பவர் எழுந்து, வலையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு வெகுநேரம் நிற்பார். ஸ்டீல் வளைவதில்லை. மூக்கும் நெற்றியும் திறந்த வாயும் வலையில் அப்படியே பதிந்துவிடும். மகள் எழுந்து போய், உள்பக்கமிருந்து விரலால் மெல்லச் சுண்டுவாள். முகம் உதிர்ந்து வெளி நாற்காலியில் விழும். அவள் திரும்பி வந்து அடுத்த கணக்கைப் போடுவாள்.