பம்ப் ஓடாது

விடிந்தும் விடியாத நேரத்திலேயே வடிகட்டி அறைக்குள் கரைப்பான் நெடி மூக்கைத் துளைத்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வால்வைத் திருகினாள். அந்த மருந்து ஆலையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

அங்கே செய்யும் மருந்துக்கு வலக்கை, இடக்கை போல இரண்டு உருவம். ஒன்று நோய் தீர்க்கும். மற்றது உடம்புக்கு ஆகாது. நல்லதை மட்டும் உண்டாக்கித் தருவது விலை உயர்ந்த ஓர் உலோக வினையூக்கி. வேலை முடிந்ததும் கலவையைப் பம்ப் அழுத்திச் சவ்வின் வழியே தள்ளும். மருந்து வெளியேறும், உலோகம் உள்ளேயே தங்கி மறுபடி வேலைக்கு வரும்.

அந்தச் சவ்வு அடைத்துப்போயிருந்தது. மாற்றச் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "அழுத்தத்தைக் கூட்டுங்க, தானா வடியும்" என்பார் முதலாளி.

அன்றும் கூட்டினார்கள். வடிகட்டியின் மூடியோரம் சீறியது. அக்கா பம்ப்பை நிறுத்துவதற்குள் வாஷர் பிய்ந்து, பக்கத்தில் வேலையாக நின்ற அவள் கொழுந்தனின் முகத்தில் கலவை பீய்ச்சியடித்தது. கீறல் விழுந்த அவன் பாதுகாப்புக் கண்ணாடி எங்கோ தெறித்தது.

"அண்ணி! கண்ணு எரியுது, அண்ணி!"

அவனைக் குழாயடிக்கு இழுத்துப்போய் இமையைப் பிரித்துப் பிரித்துக் கழுவினாள்.

ஓடிவந்த முதலாளி முதலில் பார்த்தது தரையை.

"ஐயோ, மொத்த உலோகமும் போச்சே! துணியில ஒத்தி எடுங்க!"

"வண்டியக் குடுங்க, சார். இவனுக்குக் கண்ணு போயிடும்."

"மூடியை ஒழுங்கா முடுக்காம, இப்ப வண்டி வேறயா?"

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உலோகத்தைத் திரும்ப எடுத்துடுவீங்க. போன கண்ணை எந்தச் சவ்வுல வடிகட்டி எடுப்பீங்க?"

யாரும் துணியைத் தொடவில்லை. எதற்கும் வாய் திறக்காத பாய்லர்காரர் முதலாளிமுன் கையை நீட்டினார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்த முதலாளி, வண்டிச் சாவியைக் கொடுத்தார். பாய்லர்காரர் கொழுந்தனை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தார்.

"சரி, மத்தவங்க வேலையப் பாருங்க," என்றார் முதலாளி.

"சவ்வு, மூடி ரெண்டும் மாறணும். அவன் வைத்தியச் செலவ நீங்க ஏத்துக்கணும். அதுவரைக்கும் பம்ப் ஓடாது," என்றாள் அக்கா.

"உங்களை விட்டா ஆளே இல்லையா? கேட்டுக்கு வெளியே வரிசையில நிக்கிறாங்க!"

"அவங்களுக்கும் கண்ணு இருக்கு, சார்," என்றாள் மூட்டை கட்டுகிறவள்.

எல்லோரும் போய்க் கேட்டை அடைத்து உட்கார்ந்தார்கள். மதியம் மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது: ஒரு கண் தப்பியது, மற்றதற்கு டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. அக்கா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலைக்காகக் காத்திருந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னாள். உள்ளேயிருந்து முதலாளி அவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

வரிசையில் நின்ற ஒருவன் சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அக்கா. எங்களுக்கும் இடம் வேணும்."