இரண்டு விரல் இடைவெளி

மலைப்பாதையில் வண்டி ஓட்டும் ஜப்பான்காரர்களுக்கு ஒரு வீம்பு உண்டு. சக்கரத்துக்கும் அதன் மேலுள்ள தகட்டு வளைவுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையக் கூடாது. ஷிகெகியும் அந்தக் கூட்டம்தான். தன் ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ இறக்கி, அகலமான சக்கரங்கள் வாங்கி மாட்டி, அவை உரசாதபடி தகட்டு வளைவின் உள்விளிம்பை பேஸ்பால் மட்டையால் நெம்பி நெம்பி மடக்கினான். தனியாக மலையேறிப் பார்த்தான். சத்தமே இல்லை.

ஞாயிறன்று மனைவி மிட்சுயோ பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். முதல் வலது திருப்பத்திலேயே அவள் பக்கத்துப் பின்சக்கரம் சர்ரென்று உரசியது.

"நான்தான் கனமோ? இறங்கி நடந்து வரட்டுமா?"

"நீ சும்மா இரு. காலி சீட்டை வெச்சு அளந்தேன் பாரு, நான்தான் மடையன்."

வீட்டுக்குத் திரும்பியதும் ஸ்பிரிங்குகளைத் திருகி வண்டியை உயர்த்தினான்.

அடுத்த ஞாயிறும் மிட்சுயோ கூட வந்தாள். மலையுச்சியில் கூடியிருந்த நண்பர்களில் கென்சோ குனிந்து சக்கரத்தின் மேல் விரல்களை விட்டுப் பார்த்தான். "ரெண்டு விரல் போகுதேடா. வயல்ல உழப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷிகெகிக்குக் காது சிவந்துவிட்டது.

"இது ரெண்டு பேர் போற வண்டிடா," என்றான்.

இறங்கும்போது அதே திருப்பத்தில் இருவரும் பேச்சை நிறுத்திக் காதுகொடுத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை.

"வர்ற வாரம் அம்மா வீட்டு அரிசி மூட்டையையும் ஏத்திக்கலாமா?" என்றாள் மிட்சுயோ.

ஷிகெகி பெருமூச்சு விட்டான். "அதுக்கு மூணு விரல் வேணும்."