வாசலை மறித்துப் படுத்தவள்

பெகாயிமின் பூட்ஸை மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள் அந்த வீட்டு மூத்த மருமகள் நுர்சாத். காலையில் அவள் கொழுந்தன், நாரின் நகரச் சந்தையில் நின்ற அந்தப் பெண்ணைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து இறக்கினான். திரைக்குப் பின்னால் உட்காரவைத்துத் தலையில் வெள்ளை முக்காட்டைக் கட்டிவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரி. மூத்த மருமகள்தான் கட்ட வேண்டுமாம். மூன்று முறை கட்டினாள் நுர்சாத். மூன்று முறையும் பெகாயிம் பிய்த்து எறிந்தாள்.

"நானும் இப்படித்தான்டி கத்துனேன். மத்தியானத்துக்குள்ள தொண்டை கட்டிரும்."

"எங்கம்மா வருவாங்க."

"எங்கம்மாவுந்தான் வந்தாங்க. ஊரு சிரிக்கும், இருந்துக்கோன்னுட்டு டீயக் குடிச்சிட்டுப் போனாங்க."

பெகாயிமின் அம்மா வந்தேவிட்டாள். உடனே மாமியார் வாசலுக்குக் குறுக்கே நீட்டிப் படுத்தாள். படுத்திருக்கும் பெரியவளைத் தாண்டினால் வயிறு விளங்காது, பிள்ளை பிறக்காது என்பது ஊர்ப் பயம். பதினோரு வருடத்துக்கு முன் நுர்சாத்தை நிறுத்தியதும் இதே உடம்புதான்.

பெகாயிம் தயங்கி நின்றாள். நுர்சாத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நன்றாக வேண்டும், எனக்கு மட்டும்தான் இந்தத் தலையெழுத்தா?

முற்றத்திலிருந்து பெகாயிமின் அம்மாவின் குரல் வந்தது. "தாண்டுடி. சாபம் வந்தா என் தலையில விழட்டும். போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

பெகாயிம் தாண்டினாள். பனியில் வெறுங்காலோடு ஓடினாள். அம்மா தன் கோட்டைக் கழற்றி அவளைப் போர்த்தினாள்.

நுர்சாத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, தன் அம்மாவின் வாயில் அது ஏன் வரவில்லை? கால் விறைத்துச் சாகட்டும் என்று மாவு மூட்டைப் பக்கம் திரும்பாமலே நின்றாள்.

படுத்தவாறே மாமியார் சொன்னாள்: "விட்டுத் தள்ளு. நீ தங்கம்டி. நீ தாண்டலையே."

அந்தத் 'தங்கம்' நுர்சாத்துக்குச் சுருக்கென்று தைத்தது. விறுவிறுவென்று போய் பூட்ஸை எடுத்து வந்தாள்.

"ஏய், நீயுமா? தாண்டாதடி."

"நகருங்க அத்தை. இல்லேன்னா மிதிச்சிட்டுப் போவேன்."

மாமியார் நகரவில்லை. நுர்சாத் தாண்டினாள்.

"இந்தா. நான்தான் ஒளிச்சு வச்சேன்," என்று பெகாயிமிடம் பூட்ஸை நீட்டினாள்.

பெகாயிமின் அம்மா பூட்ஸைப் பார்க்கவில்லை. பனியில் பதிந்திருந்த நுர்சாத்தின் வெறுங்காலைப் பார்த்தாள்.

"உன்னோடது எங்கேம்மா?" என்று கேட்டாள்.