மளலை

இறைவனைக் குழந்தையாக்கிப் பாடிய பாடல்களில் மழலை எவ்வாறு பயில்கிறது என்பதே அக்காள் தேர்ந்த ஆய்வுப் பொருள். இதுவரை எவரும் எடுத்தாளாத பழைய கட்டுரைகளைக் கொண்டுவந்தால்தான் தலைப்பை ஏற்பேன் என்று நெறியாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவள் பாட்டுக்கு உரை காண்பவள்போல் தேடலைச் சொல் சொல்லாகப் பிரித்தாள். மழலை, குதலை, குழவிமொழி என ஒருபொருட் சொற்களை அடுக்கினாள். எது எதனோடு சேர வேண்டும், எது விலக வேண்டும் என்று வகுத்தாள். நூலகத்தின் மின்பட்டியல் மழலையர் பள்ளி அறிக்கைகளை மலைபோல் குவித்தது. 'பள்ளி'யை விலக்கினாள். எஞ்சியவை யாவும் ஊரறிந்த கட்டுரைகள்.

அப்போதுதான் அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவரை நினைத்துப் பார்த்தாள். ழகரம் வராத நாக்கு அதை விரலிலும் வரவிடாதே! 'மளலை' என்று இட்டாள். மறைந்து கிடந்த பழைய இதழ்க் கட்டுரைகள் நிரைநிரையாக எழுந்து வந்தன. அவள் கண்களை மூடிக் கைகூப்பினாள்.

அதே நெறியாளரிடம் ஆய்வு செய்யும் தங்கை, வீட்டு அறையின் மறுபுறத்து மேசையிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, கம்ப்யூட்டருக்கே கும்பிடு போடுற?"

"இங்க பாருடி. தப்பா அடிச்சாத்தான் வருது."

"தப்பா எழுதினாத்தான் கிடைக்கும்னா, என் பரீட்சை பேப்பர் பூரா புதையல்தான்!"

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தனர். அக்காள் தேடிய முறையை ஒன்றுவிடாமல் சொன்னாள். உடன்பிறந்தவளிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

சில வாரங்களில் கட்டுரைகளைப் படித்து முடித்து அவள் நெறியாளர் முன் அமர்ந்தபோது, அவர் அவளுடைய தொகுப்பின் முதற்பக்கத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதைத்தானம்மா உங்க தங்கச்சி போன வாரம் கருத்தரங்குல வாசிச்சாங்க? எல்லாரும் அசந்துட்டாங்க. தற்செயலா கை தவறி 'மளலை'ன்னு அடிச்சாங்களாமே! உங்ககிட்ட சொல்லலையா?"

கைதவறியதாம்! அச்சொல் அவள் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. சான்றுகள் பறிபோனதைக்கூடப் பொறுத்திருப்பாள். நாளெல்லாம் அமர்ந்து வகுத்த வழி, ஒரு விரலின் தடுமாற்றமாகிவிட்டதே!

"வேற தலைப்பு பாருங்கம்மா" என்றார் அவர், கனிவோடு.

வீட்டுக்கு வந்தபோது தங்கை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அக்காளின் முகத்தைக் கண்டதும் மடிப்பு நின்றது.

"சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா."

"எப்போ? புத்தகமா வந்தப்புறமா?"

"ஒரே ஒரு எழுத்துக்கா. ஒரு எழுத்துக்குப் போய் இப்படியா?"

"அந்த எழுத்துக்கு நான் எப்படிப் போனேன்னு கூடவே இருந்து பாத்தவ நீ. அத வச்சுக்கிட்டு கை தவறுச்சுன்னு வாய் கூசாம சொல்லியிருக்கியே."

தங்கை தலைகுனிந்தாள். பின்னர் மெல்லிய குரலில், "கட்டுரைய இதழ்ல போடுறாங்களாம். தேடின முறைய விளக்கமா எழுதித் தரச் சொல்றாங்க. எனக்கு அது கோர்வையா வரலக்கா. நீ கொஞ்சம்..." என்று இழுத்தாள்.

அக்காள் அவளைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"நெறியாளருக்குப் போன் போடு. வழி கண்டுபிடிச்சது எங்க அக்கான்னு சொல்லு. இப்பவே எழுதித் தர்றேன்."

"அப்படிச் சொன்னா என் பேரு என்னக்கா ஆகும்?"

"என் பேரு என்ன ஆச்சுன்னு நீ கேக்கவே இல்லையேடி."

தங்கை கைப்பேசியை எடுக்கவில்லை; பாதி மடித்த துணியை மீண்டும் கையில் எடுத்தாள்.

அக்காள் தன் மேசையில் அமர்ந்து மின்பட்டியலைத் திறந்தாள். வேறொரு பொருள், அதற்குரிய முதற்சொல், அதனோடு சேர வேண்டியவை என மனம் தானாகவே வகுக்கத் தொடங்கியது. சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் துணி மடிக்கும் ஓசை நின்றிருந்தது. அவள் சொல்லை விழுங்கிக்கொண்டு, திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.