கண்ணாடியில் விழுந்த முகம்

ஆறு மணிக்கு எழுகிறேன். ஓட்ஸ் கஞ்சி, காபி. பூட்ஸ் மாட்டுகிறேன். கதவைத் திறப்பதற்கு முன் வாணலியைக் கரண்டியால் நாலு தட்டு தட்டுகிறேன். திறந்து இடது பக்கம், வலது பக்கம் பார்க்கிறேன். பனிக்கரடி இல்லை. வண்டியில் ஏறிப் பள்ளிக்குப் போகிறேன். வண்டி பூட்டியிருக்காது. பனிக்கடலோரம் இருக்கும் எங்கள் ஊர் சர்ச்சிலில் யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை. கரடிக்குப் பயந்து ஓடி வருகிறவனுக்கு எந்தக் கதவும் திறக்க வேண்டும்.

போன வருடம் வரை வாணலி தட்டுவது என் மனைவி டெல்ஃபினின் வேலை.

அவள் கரடிகளைப் படமெடுப்பவள். ஆறு வருடங்களுக்கு முன், ஊர் எல்லையில் செத்துக் கிடந்த தாய்க்கரடியின் பக்கத்தில் ஒரு குட்டியைப் படமெடுத்தாள். குட்டியை நகரத்து மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நவம்பரும் இரண்டு இரவு ரயிலில் போய் அதே கரடியைப் படமெடுத்தாள். நான் கறுப்புத் துணியைத் தூக்கிக்கொண்டு கூடப் போவேன். லென்ஸைக் கூண்டுக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துச் சுற்றிலும் துணியால் மூட வேண்டும். இல்லையென்றால் அவள் முகம் கரடிமேல் விழும்.

"காட்டுல அது என்னையப் பாக்கும். இங்க என்னையத் தாண்டி எதையோ பாக்குது" என்பாள்.

துணி நழுவிய படங்களை வீட்டுக்கு வந்ததும் அழித்துவிடுவாள்.

"ஒண்ணாவது இருக்கட்டுமே. அழகாத்தான் விழுந்திருக்க."

"கரடி வயித்துல என் மூஞ்சியா? போடா."

எங்கள் கல்யாணத்திலேயே பாதி நேரம் கேமராவுக்குப் பின்னால் நின்றவள். அவள் இருக்கிற நாலைந்து படங்களில் எதிலும் அவள் கையில் கேமரா இல்லை.

போன நவம்பரில் அந்தக் கண்ணாடி முன்னால் தலை வலிக்கிறது என்றாள். அன்றைக்குத் துணி பல தடவை நழுவியது. சாயங்காலம் ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. விடியும்போது அவள் இல்லை.

கடைசி மெமரி கார்டு கேமராவிலேயே இருந்தது. அழிக்கப்படாத முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒரு வருடமாக நான் திறந்து பார்க்கவில்லை. இந்த வருடப் படத்தை எடுத்துவிட்டுத்தான் பார்ப்பது என்று வைத்திருந்தேன்.

இந்த நவம்பரில் தனியாகப் போனேன். ஸ்டேஷனில் வாடகைக் கார் எடுத்தேன். கரடி தண்ணீரோரம் படுத்திருந்தது. ஒரே ஒரு படம் எடுத்தேன். முந்நூற்றுப் பதின்மூன்று. கேமராவைக் கார் சீட்டில் வைத்த பிறகுதான் துணியைக் கண்ணாடிப் பக்கம் விட்டுவந்தது ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினேன். ஐந்து நிமிடம் இருக்கும்.

வந்து பார்த்தால் சீட் காலி.

வாசலில் நின்ற காவலாளி கூட வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"கண்ணாடி உடையலையே. பூட்டலையா தம்பி?"

"இல்ல."

"ஏன்?"

"எங்க ஊர்ல பூட்ட மாட்டோம்."

"எந்த ஊரு?"

"சர்ச்சில்."

"அட, கரடி ஊரா? கரடி கேமரா திருடாது தம்பி." சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ரொம்ப விலையோ?"

"பழசுதான்."

பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்கிக்கொண்டார். இன்றுவரை போன் வரவில்லை.

டெல்ஃபின் கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா கேட்டபோது, "உங்களத்தான் கேட்டா அத்தை" என்றேன். அது பொய். ஆஸ்பத்திரி வாசலில் அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். ஒரு கண் மூடிவிட்டிருந்தது. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"வண்டியப் பூட்டுனியா? கேமரா உள்ள இருக்குடா."