சுவரை இன்னும் கொஞ்சம் தள்ளு

1.
இந்தக் கதை அக்கா போனில் சொன்ன ஒரே வார்த்தையிலிருந்து வந்தது. "கிழியலடா." அதோடு வைத்துவிட்டாள்.

முதல் தொடக்கம்: 'சூரியனில் வெடிப்பு நிகழ்வது எப்படியென்றால்...' [வேண்டாம். பாடப்புத்தகம். நீங்கள் ஓடிவிடுவீர்கள்.]

2.
அக்காவும் அவள் கணவரான மாமாவும் பிளாஸ்மா ஆராய்ச்சிக்காரர்கள். மின்சாரம் பாயும் கொதிவாயு அது, சூரியன் முழுக்க இருப்பது; காந்தக் கோடுகள் அதைக் கட்டிப்போட்டிருக்கும். அதை அடைத்திருக்கும் வெளிச்சுவரை லேசாகத் தள்ளினாலே போதும், நட்டநடுவில் கோடுகள் அறுந்து, அவர்கள் பேச்சில் 'கிழிந்து', வேறு கோடுகளோடு ஒட்டிக்கொள்ளும் என்று கணினியில் ஓட்டிக் காட்டியவர் மாமா. வாழ்நாளில் அவர் மார்தட்டிக்கொண்டது அந்த 'லேசாக' ஒன்றுக்குத்தான்.

இப்போது அவர் படுத்த படுக்கை. மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவர் ஆசைப்பட்டாரே என்று, அதே கணக்கைப் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்துப் பெரிய கணினியில் ஓட்டினாள் அக்கா. கோடுகள் வளைந்தன, நெளிந்தன, அறுபடவில்லை. அன்று அறுத்தது சுவர் இல்லை. மாமா போட்ட அகலமான கட்டங்கள்; கட்டம் அகலமானால் கணக்கின் பிழையே கோட்டை அறுத்துவிடும். அப்போதுதான் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

3.
[மாமாவைச் சாந்தசொரூபியாக எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, "யாருடா இவரு? எனக்கு அறிமுகப்படுத்து" என்றாள். அடித்துவிட்டேன்.]

"ரன் முடிஞ்சுதா?" மாமா கேட்டார்.

"ஓடுதுங்க."

"இன்னுமா? நான் போனப்புறம் சொல்லலாம்னு இருக்கியா?"

அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

4.
கதை இங்கே நின்றுபோனது. நான்தான் கேட்டேன்: "சுவரை இன்னும் கொஞ்சம் தள்ளேன்க்கா."

"பலமா தள்ளினா எதுதான்டா கிழியாது?"

ஆனாலும் தள்ளினாள். கிழிந்தது. படம் அழகாக வந்தது. தள்ளிய அளவு மட்டும் படத்தின் கீழ்மூலையில் தானாகப் பதிந்துவிடும். யார் படம் கொடுத்தாலும் மாமாவின் கண் முதலில் போவது அந்த மூலைக்குத்தான்.

5.
ஒரு முடிவு: மூலையை வெட்டிவிட்டுக் காட்டுகிறாள். "மூலை எங்கடி?" என்று அவர்... [வேண்டாம்.]

இன்னொன்று: உண்மையைச் சொல்கிறாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து... [எழுத முடியவில்லை.]

அல்லது அவள் உள்ளே போவதற்குள் அவர்... [அக்கா இதைத்தான் வேண்டிக்கொள்கிறாளோ என்று பயமாக இருக்கிறது.]

6.
சின்னக் கதையும் அகலக் கட்டம்தான். இடையில் என்னென்ன விழுந்துபோனதோ, எனக்குத் தெரியாது. இதிலிருந்து அவளை வெளியே கொண்டுவர ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா மடிக்கணினியோடு கதவருகே நிற்கிறாள். படத்தின் மூலை இன்னும் அப்படியே இருக்கிறது.

"முடிஞ்சுதா? கொண்டா, பாக்கலாம்." உள்ளேயிருந்து மாமா.

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. அவளிடமிருந்து கணினியைப் படிக்கிற நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டுவிட்டார்.